கேரவான் டயருக்கு எவ்வளவு காற்று?

காருக்குப் பின்னால் கட்டி இழுத்துப் போகும் கேரவானின் டயரைப் பற்றி எழுதப் போகிறேன் என்று சொன்னதும் என் மனைவி, "நம்ம தெருவுல யார்கிட்டங்க கேரவான் இருக்கு?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். எங்கள் தெருவில் ஒருவரிடமும் இல்லை. ஆனால் பிரான்சில் ஒரு பிள்ளையோ பெண்ணோ மருமகனோ இல்லாத வீடுகளை இந்தத் தெருவில் விரல் விட்டு எண்ணிவிடலாம். அவர்களில் சிலர் வருஷத்துக்கு ஒரு முறை, ஆகஸ்ட் மாத வக்கான்ஸ் விடுமுறையில், கேரவானைக் கட்டிக்கொண்டு தெற்கே கடற்கரைக்குப் போகிறார்கள். மூன்று மாத விசாவில் போகும் நம்மைப் போன்ற கிழங்களும் கூடவே போகிறோம். ஆகவே இது நம் விஷயமும்தான்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கேரவான் டயரின் காற்றழுத்தத்தைப் பக்கத்து வீட்டுக்காரர் சொல்லியோ, கண்ணால் பார்த்தோ, டயரின் மேல் எழுதியிருப்பதை மட்டும் படித்தோ தீர்மானிக்கக் கூடாது. வண்டியின் தகட்டில் முழுச் சுமைக்குப் போட்டிருக்கும் ஒரே எண்ணை எடுத்துக்கொண்டு, டயர் குளிர்ந்திருக்கும் போது, சொந்த மானியால் அளந்து வைக்க வேண்டும். சுமை குறைந்த நாளிலும் அந்த எண்ணைக் குறைக்கக் கூடாது. வண்டியை ஒரு முறையாவது எடை போட்டுப் பார்க்க வேண்டும்.

இதில் என்ன பெரிய சர்ச்சை என்று தோன்றும். சர்ச்சை இருக்கிறது. என் மாப்பிள்ளை வீட்டில் நாலு பேர் கூடியபோது நாலு கட்சி கண்டேன். ஒருவர், "டயர்லயே அதிகபட்சம்னு எழுதியிருக்கே, அதை அப்படியே அடிச்சிட வேண்டியதுதானே" என்றார். இன்னொருவர், "காத்து அதிகமானா உள்ளே இருக்கிற தட்டு முட்டெல்லாம் ஆடி ஒடையும், கொஞ்சம் கம்மியா வைங்க" என்றார். மூன்றாமவர் காருக்கு எவ்வளவோ கேரவானுக்கும் அவ்வளவே என்றார். மாப்பிள்ளை என்னைப் பார்த்து, "மாமா, நீங்க என்ன சொல்றீங்க?" என்றார். "தகட்டைப் பாத்தீங்களா மாப்ளே?" என்று மட்டும் கேட்டேன். முப்பத்தெட்டு வருஷம் கோப்பு புரட்டியவனுக்கு வேறு என்ன கேட்கத் தெரியும்? மூலப் பத்திரத்தைப் பார்க்காமல் குறிப்பு எழுதக் கூடாது என்பது எங்கள் சர்வீசில் முதல் பாடம்.

தகட்டில் 3 பார் என்று இருந்தது. அந்த வாரம்தான் பக்கத்தில் உள்ள ஒரு கராஜில் வண்டியைக் காட்டி வந்திருந்தார்கள். அங்கே அடித்து அனுப்பியது 2.3 பார். அது அவர்களுடைய காரின் எண். அந்த ஊழியர் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. காலையிலிருந்து முப்பது கார்களுக்கு அடித்த கை, முப்பத்தொன்றாவதாக வந்த கேரவானுக்கும் அதையே அடித்துவிட்டது.

0.7 பார்தானே குறைவு என்று நினைக்கலாம். நம் ஊர் பவுண்டுக் கணக்கில் சொன்னால் புரியும். ஒரு பார் என்பது சுமார் 14.5 பவுண்டு. 3 பார் என்றால் 43 அல்லது 44 பவுண்டு, 2.3 என்றால் 33. பத்து பவுண்டு குறைவு. நம் புதுச்சேரியில் ஒரு விசித்திரம் உண்டு. பள்ளியில் எங்களுக்குப் பிரெஞ்சு வாத்தியார்கள் கிலோவும் லிட்டரும் பாரும் சொல்லிக் கொடுத்தார்கள். வெளியே வந்து சைக்கிள் கடையில் நின்றால் பவுண்டு. இன்றைக்கும் பெட்ரோல் பங்க்கில் "முப்பது அடிப்பா" என்றுதான் சொல்கிறோம். அங்கே போகும் பெரியவர்கள் மனசுக்குள் 14.5-ஆல் பெருக்கிப் பார்த்துக்கொண்டால் தப்பு சட்டென்று கண்ணில் படும்.

வகுப்பில் கேட்ட ஒரு கதையும் இங்கே பொருந்துகிறது. காற்றுக்கு எடை உண்டு என்று காட்ட பாஸ்கல் தன் மைத்துனரிடம் பாதரசக் குழாயைக் கொடுத்து பூய் தெ தோம் என்ற மலைமேல் ஏறச் சொன்னார். 1648-ஆம் வருஷம். மேலே போகப் போக பாதரசம் இறங்கியது. அந்த மலையின் அடிவாரத்தில் இருக்கும் ஊர் கிளெர்மோன்-ஃபெரான், பாஸ்கல் பிறந்த ஊர். அதே ஊரில் இருந்துதான் பிற்காலத்தில் மிஷ்லேன் சகோதரர்கள் காற்றடைத்த டயரைக் காருக்குப் போட்டு 1895-இல் பாரிஸ் - போர்தோ பந்தயத்தில் ஓட்டினார்கள். வழியெல்லாம் பஞ்சர். ஆனாலும் காற்றின் மேல் கார் ஓடும் என்று நிரூபித்துவிட்டார்கள். இன்று ஒரு லட்சம் பாஸ்கல் சேர்ந்தால் ஒரு பார். காற்றை அளந்து பார்க்க வேண்டும் என்று உலகத்துக்குச் சொன்ன ஊரும், அதை டயருக்குள் அடைத்த ஊரும் ஒன்றுதான்.

சரி, விஷயத்துக்கு வருவோம். கேரவானின் டயர் கார் டயரை விட ஏன் அதிகக் கவனம் கேட்கிறது?

முதல் காரணம், அது பேசாது. காரின் முன் டயரில் காற்று குறைந்தால் ஸ்டீயரிங் ஒரு பக்கம் இழுக்கும், கைக்குத் தெரியும். கேரவானின் டயர் ஓட்டுநருக்குப் பின்னால் ஐந்தாறு மீட்டர் தள்ளி ஓடுகிறது. பாதி காற்று போனாலும் முன்னால் உட்கார்ந்திருப்பவருக்கு ஒன்றும் தெரியாது. ஐரோப்பாவில் 2014 நவம்பர் முதல் விற்கும் புதுக் கார்களில் காற்று குறைந்தால் விளக்கு எரியும் ஏற்பாடு கட்டாயம். குடும்பங்கள் இழுத்துப் போகும் கேரவானுக்கு அந்தக் கட்டாயம் கிடையாது. வால்வில் திருகிக்கொள்ளும் கருவிகள் தனியாக விற்கிறார்கள். வாங்கினால் நல்லது, ஆனால் அது காவல்காரன் மாதிரி, கணக்கைச் சரிபார்க்கும் வேலை நம்முடையதுதான்.

இரண்டாவது காரணம், அந்த டயருக்கு மிச்சம் வைத்த பலம் கொஞ்சம்தான். கணக்குப் போட்டுப் பார்ப்போம். மாப்பிள்ளையின் கேரவானில் ஒரே அச்சு, இரண்டு சக்கரம். வண்டியின் பத்திரத்தில் பே.தே.ஆ.சே. என்று ஒரு எண் இருக்கும். சாமான் உள்பட வண்டி எவ்வளவு எடை இருக்கலாம் என்பதற்கான உச்ச வரம்பு அது. இங்கே 1,300 கிலோ. அதில் 75 கிலோ முன்பக்கக் கொக்கி வழியாகக் காரின் மேல் உட்காருகிறது. மீதி 1,225 கிலோவை இரண்டு டயரும் பங்கு போட்டால் ஆளுக்கு 612 கிலோ. டயரின் பக்கவாட்டில் அளவுக்குப் பின்னால் 93 என்று ஒரு எண் இருந்தது. அது சுமைக் குறியீடு. 93 என்றால் 650 கிலோ. ஆக, ஒரு சக்கரத்துக்கு மிச்சம் 38 கிலோ மட்டும்.

38 கிலோ என்ன ஆகும்? சமையல் மேடையும் குளிர்சாதனப் பெட்டியும் ஒரே பக்கம் இருந்தால் அந்தப் பக்கச் சக்கரம் அதிகம் தாங்கும். தண்ணீர்த் தொட்டியை நிரப்பிக்கொண்டு கிளம்பினால் 40 லிட்டர், 40 கிலோ. 13 கிலோ எரிவாயு சிலிண்டர், இரும்பின் எடையும் சேர்ந்து ஏறக்குறைய இரட்டிப்பு. வாசலில் கட்டும் கூடாரத் துணி, அதன் கம்பிகள். இவை எல்லாம் வெள்ளைக்காரக் குடும்பத்தின் கணக்கு. நம் குடும்பத்தில் அதற்கு மேல் அரிசி மூட்டை, இட்லிப் பானை, மாவரைக்கும் கிரைண்டர், ஊறுகாய் ஜாடி. என் மகள் கிரைண்டர் இல்லாமல் வாசல் தாண்ட மாட்டாள். நான் அதை எதிர்க்கவில்லை. எடையில் சேருங்கள் என்கிறேன்.

இதில் மறக்கக் கூடாத ஒன்று உண்டு. 650 கிலோ தாங்கும் என்ற வாக்கு, அதற்கு உரிய காற்று உள்ளே இருந்தால்தான் செல்லும். சுமையைத் தாங்குவது ரப்பர் அல்ல, காற்று. 2.3 பாரில் அந்த டயருக்கு 650 கிலோவைத் தாங்கும் தெம்பு கிடையாது. காற்று குறைந்த டயரின் பக்கச் சுவர் ஒவ்வொரு சுற்றிலும் மடங்கி விரிகிறது. மணிக்கு 90 கிலோமீட்டர் வேகத்தில் அந்தச் சக்கரம் நொடிக்கு 12, 13 தடவை சுற்றும். இரும்புக் கம்பியை முன்னும் பின்னும் வளைத்துக்கொண்டே இருந்தால் சூடேறி ஒடிவது போல, டயரும் உள்ளுக்குள் சூடேறி அடுக்கடுக்காகப் பிரிகிறது. வெடிக்கும் வரை வெளியே ஒன்றும் தெரியாது. ஒரே அச்சுள்ள கேரவானில் ஒரு டயர் போனால் வண்டி ஒரு பக்கம் சாய்ந்து காரையும் சேர்த்து இழுக்கும். அது தவிர, காற்று குறைந்த டயரில் கேரவான் வால் ஆட்டும் பழக்கமும் அதிகமாகும்.

மூன்றாவது காரணம், அது வருஷத்தில் பதினோரு மாதம் நிற்கிறது. ஓடாத டயர் தேயாது, அதனால் புதுசு போலவே இருக்கும். ஆனால் வெயிலிலும் குளிரிலும் ரப்பர் கிழடு தட்டும், காற்றும் மெல்ல இறங்கும். டயரின் பக்கத்தில் நாலு இலக்கம் இருக்கும். முதல் இரண்டு வாரம், பின் இரண்டு வருஷம். 2419 என்றால் 2019-ஆம் வருஷம் 24-ஆவது வாரம் செய்தது. ஜெர்மனியில் டிரெய்லரை இழுத்துக்கொண்டு போனால் பொதுவாக 80 கிலோமீட்டர் வேகம்தான்; 100-இல் போக அனுமதி வேண்டுமானால் டயர் ஆறு வயதுக்குள் இருக்க வேண்டும் என்பது நிபந்தனைகளில் ஒன்று. பட்டன் தேயவில்லையே என்று வாதாட முடியாது. பிறந்த தேதியைத்தான் கேட்பார்கள். நம் பென்ஷன் மாதிரி.

இனி நாலு கட்சிக்காரர்களுக்கும் பதில் சொல்ல வேண்டும்.

டயரில் எழுதியிருப்பதை அப்படியே அடிக்கலாம் என்பவர் சொல்வதில் ஓரளவு உண்மை உண்டு. அமெரிக்காவில் டிரெய்லருக்கென்றே செய்யும் டயர்களுக்கு அதுதான் பொது வழக்கம். முழுச் சுமைக்கு எழுதிய அழுத்தத்தை அடித்துவிடுவார்கள். ஆனால் ஐரோப்பிய கேரவானில் பல வகை டயர்கள் வருகின்றன. பின்னால் சி எழுத்துப் போட்ட வேன் டயர்கள் சிலவற்றில் 4.5 பார் வரை போகும். எந்த டயரோடு வண்டி வந்ததோ அதற்குத்தான் தகட்டின் எண். டயரின் வகையை மாற்றிவிட்டால் தகடு செல்லாது. டயர் கம்பெனியின் சுமை - அழுத்த அட்டவணையைக் கேட்டு வாங்க வேண்டும். அழுத்தம் அதிகமானால் வால்வும் அதைத் தாங்குமா என்று பார்க்க வேண்டும்; சாதாரண ரப்பர் வால்வு 4.5 பாருக்கு மேல் ஆகாது, உலோக வால்வு போட வேண்டும்.

கம்மியாக வைத்தால் சாமான் உடையாது என்பவருக்கு: உடைகிற தட்டைத் துணியில் சுற்றி வையுங்கள். டயரை மெத்தையாக்க வேண்டாம்.

சுமை குறைவான பயணத்துக்குக் காற்றையும் குறைக்கலாம், அட்டவணையே அனுமதிக்கிறது என்றும் சிலர் சொல்வார்கள். இது படித்தவர்களின் வாதம், தப்பில்லை. இருந்தும் நான் ஏற்க மாட்டேன். வார இறுதிக்கு லேசாகப் போகக் குறைத்தவர், அடுத்த மாதம் மூட்டை முடிச்சோடு கிளம்பும்போது மறுபடி ஏற்ற நினைவு வைத்திருப்பாரா? அலுவலகத்தில் ஒவ்வொரு தரமும் புது உத்தரவு போட்டால் ஏதாவது ஒரு நாள் பழைய உத்தரவின் மேல் வேலை நடந்துவிடும். நிலையான உத்தரவு ஒன்று இருந்தால் மறதிக்கு இடமில்லை. லேசான வண்டியில் காற்று சற்றுத் தூக்கலாக இருந்தால் கொஞ்சம் குதிக்கும், நடுப்பட்டன் தேயும். பாரமான வண்டியில் குறைந்தால் நெடுஞ்சாலையில் நிற்க வேண்டிவரும். இரண்டில் எது மலிவு?

இதன் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். அதிகக் காற்று அதிகச் சுமைக்கு அனுமதிச் சீட்டு ஆகாது. 1,300-க்கு மேல் ஏற்றிவிட்டு அரை பார் கூட அடித்துச் சரிக்கட்ட முடியாது. அதனால்தான் எடை போடச் சொல்கிறேன். அங்கே போம்பஸ்கூல் என்று ஒன்று உண்டு, நம் சர்க்கரை ஆலை வாசலில் கரும்பு லாரி ஏறி நிற்குமே அதே எடை மேடைதான். விவசாயக் கூட்டுறவுச் சங்கங்களிலும் கல் குவாரிகளிலும் இருக்கும், கேட்டால் சிறு கட்டணத்துக்குப் போட்டுக் கொடுப்பார்கள். காரை மேடைக்கு வெளியே நிறுத்தி, கேரவானின் சக்கரங்கள் மட்டும் மேடையில் இருக்கும்படி வைத்தால் டயர்கள் தாங்கும் எடை நேராகத் தெரியும்.

அளக்கும் முறையிலும் சில நுணுக்கம் உண்டு. தகட்டில் இருக்கும் எண் "ஆ ஃப்ருவா", அதாவது குளிர்ந்த டயருக்கு. வண்டி ஓடி இரண்டு மூன்று மணி நேரமாவது ஆகியிருக்க வேண்டும், வெயிலும் படக் கூடாது. காலையில் கிளம்புமுன் அளப்பதே உத்தமம். சூடு 10 டிகிரி ஏறினால் அழுத்தம் 0.1 பாருக்குச் சற்று மேலாக ஏறும். பாரிசில் காலை 15 டிகிரியில் கிளம்பி மத்தியானம் ரோன் பள்ளத்தாக்கில் 35 டிகிரியில் நிறுத்தி அளந்தால், ஓடிய சூடும் சேர்ந்து எண் கணிசமாக ஏறியிருக்கும். அதைப் பார்த்துப் பயந்து காற்றைத் திறந்துவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். அது கூடவே கூடாது. டயர் ஆறியதும் தேவைக்குக் குறைந்துவிடும்.

காற்று அடிக்கும் இடம் தூரமாக இருந்தால் ஒரு சின்ன வழி: வீட்டிலேயே குளிர்ந்த நிலையில் அளந்து குறைவைக் குறித்துக்கொள்ளுங்கள். 2.6 இருக்கிறது, 3 வேண்டும், குறைவு 0.4. அங்கே போய்ச் சேரும்போது சூட்டில் 2.8 காட்டினால் 3.2 வரை அடியுங்கள். குறைவு எவ்வளவோ அவ்வளவு சேர்த்தால் போதும். வீட்டில் அளந்த அதே மானியால் அங்கேயும் அளக்க வேண்டும். பத்துப் பேர் கீழே போட்ட பொது மானியை நான் நம்ப மாட்டேன். கேரவானின் அடியில் தொங்கும் ஸ்டெப்னியையும் மறக்காமல் அளக்க வேண்டும். யாரும் பார்க்காத சக்கரம் அது.

எங்கள் இலாகாவில் ஒரு ஜீப் டிரைவர் இருந்தார். அதிகாரியைக் கூட்டிக்கொண்டு காரைக்கால் போகும் நாளில், விடியற்காலை ஜீப்பைச் சுற்றி வந்து ஒரு கட்டையால் ஒவ்வொரு டயரையும் தட்டிச் சத்தம் கேட்பார். பிறகு மானியை எடுத்து அளந்து லாக் புத்தகத்தில் எழுதுவார். "தட்டுனாலே தெரியுதே, அப்புறம் எதுக்கண்ணே மானி?" என்று ஒரு நாள் கேட்டேன். "தட்டுனா செத்துதா இருக்குதான்னுதான் தெரியும் தம்பி, ஜுரம் எவ்ளோன்னு தெரியாது" என்றார். அவர் ஓட்டிய காலமெல்லாம் நடுவழியில் நின்றதாக எனக்கு நினைவில்லை.

ஆகஸ்ட் சனிக்கிழமைகளில் பிரான்சின் தெற்கு நோக்கிய நெடுஞ்சாலைகள் எப்படி இருக்கும் என்று பார்த்தவர்களுக்குத் தெரியும். பிசோன் ஃபுய்தே என்று 1976-லிருந்து அரசாங்கமே நெரிசலுக்குப் பச்சை, ஆரஞ்சு, சிவப்பு, கறுப்பு என்று நிறம் போட்டு எச்சரிக்கிறது. கறுப்புச் சனிக்கிழமையில் அந்தச் சாலையோரத்தில் நின்று சக்கரம் மாற்றுவதை நினைத்துப் பாருங்கள். ஒளிரும் மேலங்கி மாட்டிக்கொண்டு, பிள்ளைகளைத் தடுப்புக் கம்பிக்கு அப்பால் உட்கார வைத்து, ஒரு கை தூரத்தில் லாரிகள் பறக்க. ஓடும் கேரவானுக்குள் ஆள் உட்காரக் கூடாது என்பது அங்கே சட்டம். ஆகவே நம் பேரப்பிள்ளைகள் எல்லோரும் முன்னால் இழுக்கும் காரில்தான் இருக்கிறார்கள். பின்னால் இருக்கும் டயர் காப்பாற்றுவது சாமானை மட்டும் அல்ல.

மகனும் மருமகனும் வெள்ளிக்கிழமை சாயங்காலம் வரை வேலை செய்துவிட்டு, ராத்திரியோடு ராத்திரியாக மூட்டை கட்டி, விடியுமுன் கிளம்புகிறவர்கள். அவர்களுக்குக் குனிந்து தகடு பார்க்க நேரமில்லை. நமக்கு நேரம் இருக்கிறது. ஒரு மானி, ஒரு சின்ன நோட்டு, மூக்குக் கண்ணாடி, இவ்வளவு போதும். தேதி, குளிர்ந்த அழுத்தம், எடை, டயரின் பிறந்த வாரம் என்று நாலு பத்தி போட்டு எழுதி வண்டிக்குள் வைத்துவிடலாம். அடுத்த முறை போகும்போது பெட்டியில் முருங்கைக்காய்க்குப் பக்கத்தில் ஒரு நல்ல மானியையும் வைத்துக்கொள்ளுங்கள். மருமகன் சிரித்தால் சிரிக்கட்டும். அளந்துவிட்டுத்தான் வண்டி நகர வேண்டும் என்று சொல்ல வீட்டில் ஒரு பெரியவர் இருக்க வேண்டும்.